அலர்

மே இரண்டாம் வாரம்.
மஞ்சள் பேருந்து எங்களை இறக்கிவிட்டு
வந்த வளைவிலேயே திரும்பிப் போனது.
பிரைடா முழங்கால் பட்டையை இறுக்கிக்கொண்டாள்.
நான் வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தேன்.

முதல் ஊர் சூர்வால்.
ரொட்டிக்கடையின் கதவுமணி அடங்குமுன்பே
"குரோக்கஸ் பார்க்கத்தானே?" என்றாள் ஆயித்தா.
"இந்த வருஷம் விசேஷம்.
மேட்டில் கிசெப் இன்னும் சாண நீர் அடிக்கவில்லை.
மற்ற வருஷமென்றால் பூத்த மூன்றாம் நாள்
டாங்கியோடு வந்து நிற்பான்.
பூவாவது புண்ணாக்காவது என்பான்."
வால்நட் கேக் இரண்டைக் காகிதத்தில் சுற்றியபடி
"ஏனென்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்" என்றாள்.
நாங்கள் கேட்கவில்லை.
அதில் அவளுக்கு வருத்தம்தான்.

லார்ச் மரங்களில் அப்போதுதான் பச்சை.
தொட்டால் பூனைக்குட்டிக் காதுபோல் இருந்தது.
நிழல் விழும் இடமெல்லாம் பழைய பனி,
அழுக்காக,
போக மனமில்லாத விருந்தாளியைப்போல.

இரண்டாம் ஊரில்
கூரை ஓடு மாற்றிக்கொண்டிருந்தார்கள் இருவர்.
ஏணியின் மேலிருந்து ஜாகென்:
"பம்ப் பழுது. அதுதான் காரணம்."
ஏணியைப் பிடித்திருந்த தூரி:
"பம்பாம்!
கணவாய்க்கு அந்தப் பக்கத்திலிருந்து
பால் பரிசோதிக்க ஒருத்தி வருகிறாள்.
முன்பு மாதம் ஒருமுறை.
இப்போது வாரம் இரண்டுமுறை.
பதினோரு மாட்டுப் பாலில்
அப்படி என்ன சந்தேகம்?"
சிரித்ததில் ஏணி ஆடியது.
மேலிருந்து ஒரு வசவு விழுந்தது,
எனக்குப் புரியாத ரோமான்ஷில்.

என் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல் என்றேன்.
மொட்டு வாய் திறந்தால் அலர்.
ஊர் வாய் திறந்தாலும் அலர்.
பிரைடா மூச்சு வாங்கியபடி சொல்லிப்பார்த்தாள்.
அவள் நாக்கில் கடைசி எழுத்து
உருண்டு கொஞ்சதூரம் போனது.

மூன்றாம் ஊரில் ஐந்தே வீடு.
வேலிமேல் உட்கார்ந்திருந்த சிறுமி
யாரும் கேட்காமலே சொன்னாள்:
"அவள் காரை எங்கள் கொட்டகைக்குப் பின்னால் நிறுத்துவாள்.
யாருக்கும் தெரியக்கூடாதாம்."

அதன் பிறகு பாதை இல்லை.
குளிர்காலத்தில் சரிந்த பனி
முறிந்த மரங்களோடு குறுக்கே கிடந்தது.
கைகளை ஊன்றி ஏறினோம்.
என் வலது ஷூவுக்குள் ஓர் ஓடை.
பனி மெலிந்த விளிம்பில்
விரல் நுழையும் அளவு துளை.
துளைக்குள் ஊதா மணி ஒன்று,
ஓரம் நைந்து, தலை கவிழ்ந்து.
யாரும் வந்து தோண்டவில்லை.
தன் வெதுவெதுப்பில் தானே
உருக்கிக்கொண்டு வந்திருக்கிறது.
பிரைடா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மறுபடி பார்த்தாள்.
படம் எடுக்க மறந்துவிட்டோம்.

மேடு.
என்ன சொல்ல?
வெள்ளை. இடையிடையே ஊதா.
குங்குமப்பூவுக்கு ஒன்றுவிட்ட தங்கைகள்,
எந்தச் சந்தையிலும் விலைபோகாதவர்கள்,
ஆயிரம் ஆயிரமாய்
ஈர மண்ணில் குந்தியிருந்தார்கள்.
காற்று வந்தால் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து
எதையோ ஒட்டுக்கேட்டன.

நடுவில் டிராக்டர்.
அடியிலிருந்து இரண்டு கால்கள், ஒரு ஸ்பேனர், ஒரு குரல்:
"கூர் நகரத்திலிருந்து வாஷர் வரவில்லை."
நாங்கள் வணக்கம்கூடச் சொல்லியிருக்கவில்லை.

டிராக்டரின் படியில்
ஆவி பறக்க இரண்டு கோப்பைகள்.
வேலிக் கம்பு இரண்டில்
தலைகீழாகக் காய்ந்தன
சின்ன அளவில் சிவப்பு பூட்ஸ்.
அந்தப் பக்கம் அவன் பார்க்கவில்லை.
நாங்களும் பூக்களையே பார்த்தோம்,
வெகுநேரம்,
மிக மரியாதையாக.

இறங்கும்போது சிறுமி கேட்டாள்.
ஏணியும் கேட்டது.
கடை மூடும் நேரத்தில்
ஆயித்தா சில்லறை எண்ணுவதை நிறுத்தினாள்:
"பூத்திருக்கிறதா?"

பிரைடா தொண்டையைச் செருமி
"வாஷர் இன்னும் வரவில்லையாம்" என்றாள்.

ஆயித்தா நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டாள்.
பேருந்து வர இன்னும் எட்டு நிமிடம் இருந்தது.