குளிர்தேசப் பேக்கேஜ்

தங்கச்சிமடத்து நண்டுக் கொட்டகைக்கே வந்துவிட்டான்
மதுரை ஷோரூம் பையன், இஸ்திரி கலையாமல்.
ஐஸ் பெட்டிமேல் டேப்லெட்டைச் சாய்த்து வைத்தான்.
என் ஈர விரலுக்கு அது அசையவில்லை.
"நீங்க சொல்லுங்க மேடம், நான் தொடுறேன்."

அடி ரகம், நடு ரகம், மேல் ரகம்.
மேல் ரகத்தில் கூரை கண்ணாடி, வானம் தெரியுமாம்.
இங்கே யாரும் வானத்தைக்
காசு கொடுத்துப் பார்ப்பதில்லை தம்பி.
கழற்ற முடியாதாம்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான்:
வண்டியின் அடிவயிற்றில் உப்பு ஏறாத பூச்சு.
போன பிக்கப்பை மூன்றே வருஷத்தில்
கச்சான் காற்று தின்றுவிட்டது;
கதவைத் திறந்தால் கைப்பிடி மட்டும் வரும்.

அந்தப் பூச்சு
குளிர்தேசப் பேக்கேஜோடுதான் வருமாம்.
அதில் வேறென்ன இருக்கு?
தயங்கித்தான் சொன்னான்:
"சீட்டு சூடாகும்."

கொட்டகையே சிரித்தது.
கொடுக்குக் கட்டிக்கொண்டிருந்த ரெஜினாள்
கையிலிருந்த நண்டை விட்டுவிட்டாள்.
ராமநாதபுரத்துச் சித்திரையில் சீட்டுக்குச் சூடு!
ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம்.
திட்டிக்கொண்டே கையெழுத்துப் போட்டேன்.

மார்கழி. வாடை.
பாம்பனில் விடிகாலை நாலு மணி.
ஏலத்தில் குந்தியிருந்த இடுப்பு
வண்டியில் ஏறியும் நிமிரவில்லை.
டிரைவர் லியாண்டர் டீக்குப் போயிருந்தான்.

அழுத்திப் பார்த்தேன், அந்தப் பொத்தானை.

முதலில் ஒன்றுமில்லை.
பிறகு, யாரோ உள்ளங்கையைத் தேய்த்து வைத்ததுபோல
முதுகின் அடியில்.

அவன் கதவைத் திறப்பதற்குள் அணைத்துவிட்டேன்.
கேட்கிறவர்களிடம் இன்றைக்கும்
வீண் செலவு என்றுதான் சொல்கிறேன்.