வரிசை எண் 114: வீடு

பெங்களூரின் மூன்று துறைகளுக்கும் ஒரே அகராதி வேண்டும் என்று
சுற்றறிக்கை வந்த நாளில்
எங்களுக்கு ஓர் அட்டவணையைத் திறந்துவிட்டார்கள்.
யாரும் எங்கிருந்தும் எழுதலாம்.
முகம் தெரியாது, நிறம் தெரியும்:
குடிநீர் வாரியம் நீலம், மின்சாரம் மஞ்சள்,
மாநகராட்சி பழுப்பு.
ஒப்பந்த ஊழியை நான் சாம்பல்.

சாலை ஒரு வாரத்தில் முடிந்தது.
கம்பம், இரண்டே நாள்.
சாக்கடைக்கும் ராஜகாலுவேக்கும் நடுவே
கொஞ்சம் நாறியது, அதையும் தாண்டினோம்.
வீட்டில்தான் மாட்டிக்கொண்டோம்.

வீடு என்றால் இணைப்பு என்றது நீலம்.
குழாய் எண் இல்லாத கூரை அதன் கண்ணில் படாது.
மீட்டர் என்றது மஞ்சள்.
ஒரு மீட்டரில் ஒன்பது பேர் கொக்கி போட்டிருந்தால்?
ஒரு வீடுதான், ஒன்பது திருட்டு.
கத்தா இருந்தால் வீடு இல்லாவிட்டால் ஆக்கிரமிப்பு
என்று எழுதியது பழுப்பு, இரவு எட்டு மணிக்கு,
ஒரு காற்புள்ளிகூட இல்லாமல்.

நீலத்தின் பெயர் சித்தலிங்கையா என்பது
தொலைபேசியில்தான் தெரிந்தது.
'மனெ, மனெ' என்று அவர் சொல்லச் சொல்ல
என் காதில் மனை விழுந்தது:
நான்கு மூலையிலும் கல் நட்ட வெறும் நிலம்.
அவருக்கு அங்கே அடுப்பு எரிகிறது,
எனக்கு இன்னும் அஸ்திவாரமே தோண்டவில்லை.
பக்கத்துப் பக்கத்து மொழிகள்,
நடுவில் ஒரு சுவர்,
சுவரின் கனம் ஓர் ஐகாரம்.

சொல்லுக்குள் இருப்பதைப் பொருள் என்கிறோம்,
சட்டி பானையையும் பொருள் என்கிறோம்,
காசையும்.
என் மொழி எல்லாவற்றையும் ஒரே கட்டத்தில் போட்டுவிட்டு
நிம்மதியாகத் தூங்குகிறது.
எனக்குச் சம்பளம் அதைப் பிரிப்பதற்கு.

அதற்குள் செப்டம்பர் மழை.
கெரெக்கோடிச் சந்தில் இடுப்பளவு தண்ணீர்.
எத்தனை படகு என்று கட்டுப்பாட்டு அறை கேட்டது.
நீலம்: நான்கு வீடு. மஞ்சள்: பதினொன்று.
பழுப்பு: அப்படியொரு சந்தே கிடையாது.
ஒரு படகு போனது.
தனக்கோடியும் அவள் இரண்டு பையன்களும்
தண்ணீர் லாரியின் மேல் விடிய விடிய உட்கார்ந்திருந்ததை
மறுநாள் செய்தியில் பார்த்தேன்.
அந்த லாரிக்கு
மூன்று துறையிலும் பதிவு இருந்தது.

மூன்றாம் நாள், இரவு இரண்டு பத்துக்கு
அட்டவணையில் ஒரு சிவப்பு.
நாங்கள் அழைக்காத துறை. யார் உள்ளே விட்டார்களோ.
தீயணைப்பு நிலையம், ஹனுமந்தராயப்பா, ஓட்டுநர்.
ஒற்றை விரலால் அடிக்கிறார் என்று தெரிந்தது:
எழுத்துகள் வந்து, அழிந்து, மறுபடி வந்தன.
கன்னடத்தில் ஒரே வரி, இரண்டு பிழையோடு.
மனெ: உள்ளே யாராவது இருக்கிறீர்களா என்று
கூப்பிட்டுப் பார்க்க வேண்டிய இடம்.

மாட்டுக்கொட்டில்? என்று கேட்டது மஞ்சள்.
பால்காரர் அங்கேதான் படுத்திருந்தார் என்றது சிவப்பு.
வெகுநேரம் யாரும் எதுவும் அடிக்கவில்லை.
பிறகு நீலம்
தன் வரியைத் தானே அழித்தது.

பழுப்புக்குப் பதினெட்டு நாள் ஆயிற்று.
அடியில் சேர்த்தது: 'இவ்வரையறையால்
எவருக்கும் எவ்வித உரிமையும் ஏற்படாது.'
இருக்கட்டும்.
ஆள் அனுப்பி எண்ணி முடித்தபின்
சந்தின் பெயரைத் தேடிப் பார்த்தேன்.
மூன்று துறையும் ஒரே வாயால் சொல்லின:
அறுபத்தொன்று.

தனக்கோடி வீட்டுக்கு எண் எழுதப் போனவர்
கதவு இல்லாததால்
வெளியே கிடந்த நீலப் பீப்பாயில் எழுதிவிட்டு வந்தார்.
புகைப்படம் இணைத்திருக்கிறார்.
பெயின்ட் வழிந்து, ஏழு ஒன்றுபோல் தெரிகிறது.

வரிசை எண் 115: கதவு.
மஞ்சள் ஏற்கெனவே அடிக்கத் தொடங்கிவிட்டது.