இரண்டு மலை, ஒரு கல்

அதற்குப் பெயர் இல்லை.
ஓர் ஆண்டு, இரண்டு எழுத்து, ஓர் எண்,
எடைமேடைக்கு வரும் லாரிபோல.
நூறு மீட்டர் இருக்கலாம் என்றார்கள்:
எங்கள் ஃபாக்டரியில் கொழுந்து வாட்டும் கொட்டகை நீளம்.
பங்குனி, சனிக்கிழமை, இரவு ஒன்று பத்துக்கு
நிலவுக்கும் இப்பால் அது கடக்க வேண்டும்.

சாப்ட்வேர் முதலில் வேறெங்கோ காட்டியது.
மார்கழியில் இறக்கிய பாதை எண்கள், ஆறு.
வியாழனுக்கு என்றால் பல வருடம் தாங்கும்.
இவன் பூமியை ஒட்டிப் போகிறவன்,
வாரத்துக்கு வாரம் கணக்கைத் திருத்தச் சொல்கிறவன்.
புது எண்கள் வந்து சேர
மஞ்சூர் டவருக்கு முக்கால் மணி ஆனது.

அப்புறம் ‘இருப்பிடம்’ என்றொரு கட்டம்.
எட்டு வருடமாக அதை நான் நிரப்பியதில்லை.
காலியாக விட்டால்
அது உங்களைப் பூமியின் மையத்தில்,
கெட்டி இரும்புக்குள் உட்காரவைத்து
வானம் பார்க்கச் சொல்லும்.
கார்த்திகைக் கூட்டத்துக்கு அது போதும்.
கிட்டே வருகிற ஒன்றுதான்
நீ எங்கே நிற்கிறாய் என்று கேட்கிறது.
அட்சம், தீர்க்கம், உயரம்
எல்லாம் தட்டினேன்.

பன்னிரண்டே முக்காலுக்கு மூடிக்கொண்டது.
ஊர்ப்பெயரிலேயே மஞ்சு இருக்கிறது,
புகார் சொல்ல முடியாது.
வாட்ச்மேன் போஜன் டார்ச்சோடு வந்தார்.
“மேல விழுமா மேடம்?”
விழாது.
“அப்ப எதுக்கு முழிச்சிருக்கீங்க?”
டிரையர் சத்தத்தில் கேட்காதமாதிரி இருந்துவிட்டேன்.

ஒன்று எட்டுக்குக் கிழிந்தது,
ஒரு சாக்கு அகலத்துக்கு.
சித்திரை விண்மீனுக்கு மேற்கே
அசையாத புள்ளிகள் நடுவே அசைகிற ஒன்று.
நாலரை நிமிடத்தில் முழுநிலவின் அகலம் போகிறது,
அவசரமே இல்லாத மாதிரி.
வடக்கே ஒன்று தெற்கே ஒன்றாக
இரண்டு மங்கல் விண்மீன்கள்;
தெற்கே உள்ளதை உரசிக்கொண்டு போனது.
குறித்துக்கொண்டேன்.

பூம்பாறை லூர்துராஜ் போன் செய்தார்.
விதைப்பூண்டு வியாபாரி. முகம் பார்த்ததில்லை.
“மஞ்சூர், பாத்தீங்களா? வடக்கு மீனைத் தொட்டுட்டுப் போச்சு.”
தெற்கு, பூம்பாறை.
“ஐபீஸ் தலைகீழாக் காட்டும், மாத்திப் படிச்சிட்டீங்க.”
எனக்கா சொல்றீங்க.
“அப்ப உங்க கடிகாரம்.”

கடிகாரம் பிழைத்தால் புள்ளி முந்தும், இல்லை பிந்தும்,
போகிற தடத்திலேயே.
இது தடத்துக்குப் பக்கவாட்டில் விலகியிருந்தது.
இரண்டு பேரும் பேசவில்லை.
அவர் பக்கம், காட்டெருமை விரட்ட
யாரோ வெடி போட்டார்கள்.

கட்டத்தில் மஞ்சூரை அழித்தேன்.
பூம்பாறை என்று தட்டினேன்.
திரையில் புள்ளி சட்டென்று
வடக்கு மீன்பக்கம் தாவியது.

“நீங்க சொன்னது சரி.”
“அப்ப நீங்க?”
“நானும் சரி.”

வடக்கு தெற்காக எங்களுக்கு நடுவே
நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்,
கோவை, பொள்ளாச்சி, உடுமலை விளக்குகள்.
கல்லிடம் அது நிலவின் அகலத்தில்
இருபத்தைந்தில் ஒரு பங்கு.
டீ ருசி பார்க்கும் சீட்டின் பின்பக்கம்
எங்கள் சண்டையை வகுத்துப் பார்த்தேன்:
மூன்று லட்சத்துப் பத்தாயிரம்.
சாப்ட்வேர் சொன்னது மூன்று லட்சத்து நாலாயிரம்.
ஆறாயிரம் பிசகு,
கிட்டத்தட்ட
அந்த இரும்பிலிருந்து மஞ்சூர் வரைக்கும்.

“பரவாயில்லையே” என்றார் லூர்துராஜ்.
விடிந்தால் வத்தலக்குண்டுக்கு லோடு இருக்கிறதாம். வைத்துவிட்டார்.

மறுபடி மூடிக்கொண்டது.
கொழுந்தைப் புரட்ட உள்ளே போகும்போது
போஜன் டார்ச்சை மேலே அடித்தபடி நின்றிருந்தார்.
வெளிச்சம் பத்தடிகூடப் போகவில்லை.
“இந்தப் பக்கமா மேடம்?”
இன்னும் கொஞ்சம் மேற்கே, என்றேன்.
திருப்பிக்கொண்டார்.