சாய்சதுரம்

செகாம்புட் தொழிற்பேட்டை, மூன்றாம் மாடி.
மின்தூக்கியில் ‘சரக்குக்கு மட்டும்’ என்றிருந்தது.
துணிச்சுருளோடு நானும் சரக்காய் ஏறினேன்.

ஒன்பது இடத்தில் குறைந்தது முந்நூறு என்றார்கள்.
மேடம் லியோங் மட்டும் அறுபது என்றார்,
அதையும் கணக்குப்பொறியைத் தட்டாமலே.
பிடித்துப்போனது.

என்னிடம் இருந்தது
ஒன்பதாயிரத்து நானூறு வெள்ளி,
காப்புறுதி அலுவலகத்தில்
பிறர் விபத்துகளைப் படிவத்தில் நிரப்பிச் சேர்த்தது.
அப்புறம் ஓர் இடுப்பு,
எந்த அளவு அட்டவணையிலும்
இரண்டு எண்களுக்கு நடுவே விழுகிற இடுப்பு.

செந்தூலில் ஒரு சனிக்கிழமை வகுப்பு.
பாலாசனத்தில் குனிந்தேன்.
சர்ர்ர்.
‘மூச்சைக் கவனியுங்கள்’ என்றார் ஆசிரியை.
இருபத்திரண்டு பேரும் கவனித்தார்கள்,
மூச்சை அல்ல.

தொழில் அங்கேதான் தொடங்கியது என்று
பேட்டியில் சொல்ல வேண்டும்,
யாராவது கேட்டால்.

முதல் மாதிரியில் இடுப்புப்பட்டி
பாயைப்போல் தானே சுருண்டுகொண்டது.
இரண்டாவதை மாட்டிக்கொண்டு
குழல்விளக்கின் கீழ் குனிந்து நின்றேன்.
மேடம் லியோங் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப்
பின்னால் வந்து பார்த்தார்,
காசோலையில் கையெழுத்தைச் சரிபார்ப்பதுபோல.
‘தெரிகிறது’ என்றார்.
என் கூச்சம் அன்றோடு கடையைக் கட்டியது.

மூன்றாவதில்தான் தகராறு.
நான்கு தையல்கள் ஒரே புள்ளியில் முட்டுகிற இடம்,
தமிழில் சொல் உண்டு, சபையில் சொல்லமாட்டோம்,
அங்கே ஒரு சின்னத் துண்டு வைக்கவேண்டும்.
சாய்சதுரம்.
தமிழ்ப்பள்ளியில் அடிக்கோல் வைத்து வரைந்து
எதற்கு இது என்று கேட்டு
வகுப்புக்கு வெளியே நின்ற அதே வடிவம்.

அதை விட்டுவிட்டால்
ஒன்றுக்கு இரண்டு வெள்ளி நாற்பது காசு மிச்சமாம்.
‘யாரும் அதைப் பார்க்கப்போவதில்லை.’
‘பார்க்கக்கூடாது என்றுதான் கேட்கிறேன்.’

எங்கள் வாக்குவாதம் முடிவதற்குள்
லோம்போக்கிலிருந்து வந்த நுர்ஹயாத்தி
சாக்குக்கட்டி இல்லாமல், அளவில்லாமல்
கழிவுத்துணியில் ஒன்றை வெட்டிவிட்டாள்.
தைத்தாள்.
தன் சிலுவாருக்கு மேலேயே இழுத்து மாட்டி,
தையல் இயந்திரங்களுக்கு நடுவே
துணி துவைக்கிறவளைப்போல் குந்தினாள்.
எழுந்தாள். மறுபடி குந்தினாள்.
‘டியாம்,’ என்றாள்.
சத்தமில்லை.

ஓம் என்று தொடங்கும் பெயர்களையெல்லாம்
எவரெவரோ பதிந்து வைத்திருந்தார்கள்.
நான் ‘குந்து’ என்று வைத்தேன்.
மச்சான், விற்காது என்றார்.
அட்டை நெய்பவருக்குத் தமிழ் தெரியாது.
பெட்டியைப் பிரித்தால்
ந் இருந்த இடத்தில் த்.
அறுபது இடுப்பிலும்
கருநீலத்தில் மஞ்சளாய்
குத்து.

பங்சாரில் ஞாயிறு மேசை வாடகை நூற்றெண்பது.
நான்கு விற்றன.
ஒரு மலாய்ப் பெண்மணி
மேலாடை தொடைவரை வேண்டும் என்றார், குறித்துக்கொண்டேன்.
ஒருவர் பாயின் விலை கேட்டார். பாய் என்னுடையது.

பிறகு ஒரு நடுநிசியில் ராவாங்கிலிருந்து ஒரு குரல்பதிவு:
‘தங்கச்சி, குத்துச்சண்டைக் கால்சட்டைதானே?
எக்ஸெல் இருக்கா?’
தெய்வீகன். விபத்தில் மாட்டிய கார்களை இழுக்கும் லோரி.
என் மேசைக்கு வரும் படங்களில் சிலவற்றை
அவர் எடுத்திருக்கலாம்.
குத்துச்சண்டைக்கு இல்லை, யோகாவுக்கு என்று
உண்மையைச் சொன்னேன்.
‘குனிய முடியுமா?’
‘அதுக்காகவே தைச்சது.’

மூன்று வாரம் பேச்சில்லை.
திருப்பி அனுப்புவார் என்று
தபால் உறைகூட எடுத்துவைத்தேன்.
வந்தது படம்:
கொட்டும் மழை, நெடுஞ்சாலை ஓரம் கவிழ்ந்த வேன்,
அதனடியில் கொக்கியோடு நுழையும்
இரண்டு கருநீலக் கால்கள்.
‘கிழியலை. இன்னும் ரெண்டு.
பட்டறைப் பையனுங்க ஆறு பேரு கேக்குறானுங்க.’

கட்டிலுக்கடியில் இன்னும் முப்பத்தொன்று இருக்கின்றன.
ஆனாலும் மேடம் லியோங்கை அழைத்தேன்,
அடுத்த அறுபதுக்கு.
அட்டையில் எழுத்தைத் திருத்தச் சொல்லவா என்றார்.
நூலின் நிறத்தைச் சொன்னேன்.
சாய்சதுரம் அரை அங்குலம் பெரிதாகட்டும் என்றேன்.
எழுத்தைப் பற்றி
நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.