கேட்கவில்லை

ஐப்பசிக் கடைசி. மழை விட்ட சாயங்காலம்.
நன்னிலம் கடைத்தெருவில்
மருந்துக்கடைக் கல்லாவில் நான்.

"நேத்துக் குடுத்தது கேக்கல தம்பி,"
மீதி நாலு மாத்திரையைக்
கண்ணாடிமேல் வைக்கிறார் செங்கமலம்,
முழங்காலுக்குக் காதிருப்பதுபோல,
எத்தனை கூப்பிட்டும்
திரும்பாத பிள்ளையைச் சொல்வதுபோல.

எதிர் உரக்கடையிலும் அதே பேச்சு.
புகையானுக்கு ரெண்டு தரம் அடித்தாயிற்றாம்,
கேட்கவில்லையாம்.
கடைக்காரர் வேறு பாட்டிலைத் துடைக்கிறார்.

நானும் வேறு அட்டையை எடுத்தேன்,
கொஞ்சம் வீரியமானது.
ஆறு மாத்திரை. வெட்டிக் கொடுத்தேன்.
நோட்டில் எழுதிக்கச் சொன்னார்.
சேறு காயாத கால்
படியிறங்கும்போது திரும்பி நின்றது:
"இதாவது கேக்குமா?"

கேட்கும் என்றேன்.

நாளைக்கும் நடவு உண்டா என்று
நான் கேட்கவில்லை.