எட்டரை

முதல்ல ஆக்களை எண்ணுவம்.
நான், குணரூபி, லதாங்கினி, ரெஜினா.
ரெஜினா பூசை முடிச்சுத்தான் வருவாள்,
ஆனபடியால் எட்டரை.

அருவி எண்டு வெளியில சொல்லாதையுங்கோ, சிரிப்பினம்.
வன்னியில எங்கையடி அருவி?
அருவியாறு எண்டு ஒண்டு இருக்கு,
தவண்டு தவண்டு மன்னாருக்குப் போகுது,
விழுந்ததை நாங்கள் ஒருத்தரும் காணேல்லை.

இது விழுகுதாம்.
குணரூபியின்ர தம்பி வசி கண்டவன்,
போன மார்கழி, துலைஞ்ச நாம்பனைத் தேடிப்போய்.
ஒட்டுசுட்டானுக்கு அங்கால
தார் முடிஞ்சு, கிரவல் முடிஞ்சு,
வன இலாகாக் கல்லும் முடிஞ்ச பிறகு
மின்னல் பிளந்த முதிரை ஒண்டு நிக்கும்,
அதில இருந்து காதால போங்கோ எண்டான்.
உயரம்?
என்ர தோளில நாம்பன் ஏறி நிண்டால் எவ்வளவோ, அவ்வளவு.
பிறகு கொஞ்சம் யோசிச்சு,
நாம்பனில்லை, கண்டு எண்டான்.

சிவப்புக் கட்டையள்?
பிடுங்கியாச்சு. எண்டாலும்
மாடு போன தடத்தில மட்டும் கால் வையுங்கோ.
அதை எங்களுக்கு
ஒருத்தரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஸ்கூட்டி ரெண்டு. பெற்றோல் பங்கு.
பாண், மாசிச் சம்பல், உப்பு.
உண்ணிக்குத் தேங்காயெண்ணெயும் கற்பூரமும்.
யானைக்கு?
யானைக்கு ஒண்டும் கொண்டுபோறதில்லை,
மூண்டு மணிக்கு முன்னம் தாருக்கு ஏறுறது.
லதாங்கினி நனையமாட்டாளாம், பாக்க மட்டும் வாறாளாம்.
துவாய் நாலு எண்டுதான் எழுதினன்.

எழுதினது உற்பத்திச் சீட்டின்ர பின்பக்கத்தில.
முன்பக்கத்தில என்ர கணக்கு:
மணிக்கு அறுபது, இடது கை.
நான் இடது கை மட்டும் தைக்கிறவள்.
எந்தெந்த நாட்டிலயோ எத்தினை பேர்
என்ர தையலுக்குள்ள கையை விட்டுக்கொண்டு
கோப்பி குடிக்கினமோ தெரியாது.

முதல் ஞாயிறு கப்பலுக்குச் சாமான் ஏத்தினது, ஓவர்டைம்.
அடுத்த ஞாயிறு லதாங்கினியின்ர மனுசன்
காட்டுக்குள்ள பொம்பிளையளுக்கு என்ன அலுவல் எண்டு கேட்டவர்.
விறகுக்குப் போகேக்க ஒரு நாளும் கேக்காதவர்.
அதுக்கடுத்தது
முத்தையன்கட்டு வான் பாய்ஞ்சு றோட்டை மூடிப்போட்டுது.

தண்ணி விழுகிற நாளில பாதையில்லை.
பாதை காயிற நாளில தண்ணியில்லை.
இடையில பத்து நாள் கிடக்கும் எண்டான் வசி.
கலண்டரில விரலை வைச்சுப் பாத்தன்,
அந்தப் பத்துக்குள்ள ஞாயிறு ஒண்டு.
ஒண்டே ஒண்டு.

குணரூபி படமெடுத்துப் போடப்போறாளாம்.
போட்டால் வருவாங்களடி, வான் பிடிச்சு வருவாங்கள்,
போத்தில் வரும், பிறகு படிக்கட்டு, கம்பி, டிக்கற்,
கடைசியா ஒரு அமைச்சர் வந்து பேர் வைப்பார்.
வாக்கெடுத்தம், நாலுக்கு மூண்டு:
படமுமில்லை, பேருமில்லை.
தோத்தவள் ரெண்டு நாள் எங்களோட கதைக்கேல்லை,
ஆனால் மாசிச் சம்பல் தன்ர பொறுப்பெண்டு
ஆள் விட்டுச் சொல்லிவிட்டவள்.

இண்டைக்குப் புதன்.
பின்னேரம் மூண்டு மணிக்குக் கறண்ட் போச்சுது.
முந்நூறு மிசினும் ஒண்டாய் வாயை மூட,
தகரத்துக்கு மேல மழை.
இவ்வளவு நேரமும் பெய்திருக்கு,
எங்களுக்குத்தான் கேக்கேல்லை.

ஜெனரேற்றர் பிடிக்க ரெண்டு நிமிசமாகும்.
அரைக் கை ஊசிக்குக் கீழ கிடக்க
நான் தலையை நிமித்தினன்.
குணரூபி நிமித்தினாள்.
கொலர் லைனில லதாங்கினி
கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறாள்,
காதால போறாள் போல.

அந்தக் கடைசி வரிசையில இருந்து ரெஜினா
சுப்பவைசருக்குத் தெரியாமல்
விரல் காட்டுறாள்.
எட்டு.
அரை இல்லை, எட்டு.
சனி பின்னேரப் பூசைக்குப் போவாளாக்கும்.