அங்கத்தவர் எண்ணிக்கை

பதினான்கு மாதம்.
தலவாக்கலைக்கும் லிந்துலைக்கும் நடுவில்
எத்தனை படி ஏறினேன் என்று முழங்காலைக் கேளுங்கள்.
சேர்ந்த அங்கத்தவர்: பூச்சியம்.

காப்புறுதி விற்ற காலத்தில் நான் கெட்டிக்காரன்.
பஸ் உருண்ட பள்ளத்தைக் காட்டி
மண் சரிந்த மேட்டைக் காட்டி
மாதம் நாலு பேரிடம் ஒப்பம் வாங்கியவன்.
சாவைப் பேசினால் எங்கள் சனம் கதிரை இழுத்துப் போடும்.
சாகாததைப் பேசத் தொடங்கினேன்,
தேத்தண்ணி ஆறிப்போயிற்று.

தாளில் படம்: ஆளுயரத்துக்கும் மேலே வெள்ளித் தாங்கி.
உள்ளே திரவ நைதரசன்,
மறை நூற்றுத் தொண்ணூற்றாறு பாகை,
அதில் தலைகீழாய் ஒரு மனிதர்.
"தலைகீழாவா?"
செக்ரோல் கிளாக்கர் அந்தோனிமுத்து கண்ணாடியைத் துடைத்தார்.
"உசிரோட இருக்கையிலயும் அப்படித்தானே நிக்கிறோம்.
இதுக்கு எதுக்குத் தம்பி காசு?"

மரக்கறி லொறிக்காரன் ஜெயக்கொடிக்கு வேறு கணக்கு.
"கரண்ட் போன வருசம்
குளிர் ரூமிலேயே பதினோரு டொன் லீக்ஸ் அழுகிச்சு."
கரண்ட் தேவையில்லை, ஊற்றிக்கொண்டே இருந்தால் போதும் என்றேன்.
"யாரு ஊத்துவா?"
வேலையாட்கள்.
"இருநூறு வருசம்? ஸ்ட்ரைக் பண்ணாம?"
நான் பையை மூடினேன்.

மரண உதவிச் சங்கத் தலைவர்தான் மரியாதையாகக் கேட்டார்.
அவருக்கு மாதம் நூறு ரூபா சந்தா,
பெட்டி, பந்தல், தப்பு, எல்லாருக்கும் பிளேன்டீ,
நூற்று எண்பத்திரண்டு அங்கத்தவர், ஒருவர் பாக்கியில்லை.
"ஒங்க சங்கத்துல செத்தா யாரு வருவா?"
ஒரு வேன் வரும்.
"வேனா" என்றார்.
அதற்குப் பிறகு நெடுநேரம் மழையைப் பற்றிப் பேசினோம்.

எழுபத்தெட்டு வயது முனியசாமி:
"எழும்புனா நான் எந்த நாட்டுக்காரன்?
எங்கப்பா முழிச்சுக்கிட்டு இருக்கையிலேயே
நாடில்லாம ஆனவரு.
தூங்கி எந்திரிச்சா என்ன சொல்லுவானுங்க?"
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

சந்தனமேரி மட்டும் முழுவதையும் வாசித்தார்.
கொழுந்துக் கறை பிடித்த விரல்
வரிக்கு வரி நின்று நின்று போனது.
பிறகு, குரலைத் தாழ்த்தி,
"எழுப்பாம விடுற திட்டம் இருக்கா?
அதுக்கு எவ்வளவு?"
சிரிக்கிறாரா என்று பார்த்தேன். இல்லை.
நாளை ஐந்தரைக்குப் பிரட்டு.
நான் விலைப்பட்டியலை உண்மையாகவே தேடினேன்.

என் படிவமும் அலுமாரியில்தான் கிடக்கிறது.
பெயர், இரத்த வகை, கடன் விபரம் எல்லாம் நிரப்பியாயிற்று.
"விழித்தெழும்போது அறிவிக்கப்பட வேண்டியவர்"
என்ற இடத்தில் மட்டும் அழித்து அழித்து
தாள் ஓட்டையாகிவிட்டது.

மீதித் தாள்கள் வீண்போகவில்லை.
நல்ல வழவழப்பு, மழை இறங்காது.
இந்தத் தவணை கீழ்ப்பிரிவுப் பிள்ளைகள்
கொப்பிக்கு உறை போட்டிருக்கிறார்கள்.
வெள்ளித் தாங்கியின் நெற்றியில் லேபல்:
ச. டிலக்சனா, தரம் நான்கு, சுற்றாடல்.
உள்ளே தலைகீழாய் நிற்பவரின்
காலுக்கு மேலே
பச்சைப் பென்சிலில் ஒரு குடை.